டின்னில் எழுதியிருக்கும் முலாம்பழம் என் கோப்பைக்கு ஏன் வரவில்லை?

தாம்பரம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் மெல்போர்னில் இருக்கிறான். பிப்ரவரியில் அவன் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு கைப்பை, அவன் அப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ, கூடவே ஒரு சின்ன டின் காபிக்கொட்டை கொண்டுவந்தான். மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டவன், அந்த டின்னை மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். 100 கிராம்தான். பனாமா நாட்டில் பொகெட்டே என்ற ஊர்ப் பக்கம் விளைந்த கெய்ஷா என்கிற காபி ரகமாம். வாஷ்ட் (சதையைக் கழுவி எடுத்துக் காயவைத்தது) என்று போட்டிருக்கிறது. வறுத்த தேதி ஜனவரி 28. விலை என்ன என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான். பிறகு நானே இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் அந்த டின்னைத் தொடவே இல்லை.

டின்னின் மேல் மூன்றே மூன்று வார்த்தை: ஹனிடியூ மெலன் (ஒரு வகை முலாம்பழம்), மல்லிகை, லைம்.

மகன் ஊருக்குத் திரும்பிய மறுநாள், ஆசை தாங்காமல், 30 கிராமை மிக்ஸியில் அரைத்துப் பித்தளை ஃபில்டரில் போட்டு, பால் சேர்த்து, சர்க்கரையும் போட்டுக் குடித்தேன். டிகாக்ஷன் டீ மாதிரி வெளுப்பாக இறங்கியது. பாலில் காணாமலே போய்விட்டது. வீடியோ காலில் சொன்னபோது அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஐந்து வயதில் நான் அவன் பட்டத்தை மிதித்துக் கிழித்தபோது இருந்த அதே முகம்.

சரி என்று அவன் விட்டுப்போன கையரைப்பானில் அரைத்து, வி60 என்கிற வடிகட்டிக் கூம்பில் காகிதம் வைத்து, அவன் எழுதிக்கொடுத்த கணக்குப்படி 15 கிராமுக்கு 240 மில்லி ஊற்றி, பால் இல்லாமல் இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை சூடாகக் குடித்தேன்: சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் ஆறவிட்டேன். சிலேட்டுப் பலகையை நக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு மந்தமான ருசி. மல்லிகையா? எங்கள் வாசலில் பந்தலே இருக்கிறது, எனக்கு மல்லிகை தெரியாதா. லைமும் இல்லை. முலாம்பழத்தின் விதைகூட இல்லை.

பழமும் எனக்குப் புதிதில்லை. நான் செய்யாற்றில் பிறந்தவள். கோடையில் ஆற்று மணலில் போட்ட கொடியிலிருந்து கிர்ணியும் வெள்ளரிப்பழமும் அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். அது காபியில் எப்படி வரும் என்பது என் முதல் கேள்வி. அவன் மெல்போர்னில் குடித்தபோது தெளிவாக வந்தது என்கிறான், எனக்கு ஏன் வரவில்லை என்பது இரண்டாவது. இன்னும் 40 கிராம் இருக்கிறது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

*

பித்தளை டபரா

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பழ வாசனை வேண்டும் என்றால் பழம் வாங்கலாம். கிர்ணி இப்போது வர ஆரம்பித்துவிட்டது. காபி என்றால் பீபெர்ரி, பிளான்டேஷன் ஏ என்கிற கொட்டை வகைகளைக் கலந்து, 80க்கு 20 சிக்கரி, நுரை பொங்கப் பால். இந்த ஹனிடியூ, மல்லிகையெல்லாம் விலையை ஏற்றுவதற்காக எழுதும் கவிதை. நானும் ஒரு தடவை புளூபெர்ரி என்று போட்ட பாக்கெட்டுக்கு 900 ரூபாய் அழுதேன். என் வீட்டுக்காரி குடித்துவிட்டு "புளித்த பழங்கஞ்சி" என்றாள். அவள் சொன்னதையே பாக்கெட்டில் போட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

*

ஆறிய கோப்பை

டபரா சார் சொல்வதில் பாதி சரி. மற்ற பாதிக்காகத்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

அம்மா, நான் கோயம்புத்தூர். ஒரு வறுப்புக் கூடத்தில் ஆறு வருடமாக ருசி பார்ப்பது என் வேலை. ஒரு நாளைக்கு 20, 30 கிண்ணம் உறிஞ்சித் துப்புவேன். என் அம்மாவுக்கு இன்னமும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கூச்சம்.

முதலில் அந்த வார்த்தையைப் பற்றி. காபி ருசிகளுக்கு ஒரு சக்கரப் படம் உண்டு, பார்த்திருப்பீர்கள். 1995இல் வந்தது, 2016இல் திருத்தி எழுதினார்கள். அதில் பழம் என்ற பகுதியில் பெர்ரிகள், உலர்பழம், எலுமிச்சை வகை தவிர 'மற்ற பழங்கள்' என்று எட்டு இருக்கிறது: தேங்காய், செர்ரி, மாதுளை, அன்னாசி, திராட்சை, ஆப்பிள், பீச், பேரி. முலாம்பழம் கிடையாது. ஆக, உங்கள் டின்னில் ஹனிடியூ என்று எழுதியவர் பட்டியலைப் பார்த்து எழுதவில்லை. தன் நினைவில் இருந்த ஒரு பழத்தைத் தொட்டு எழுதியிருக்கிறார். அந்தச் சக்கரத்துக்கு அடிப்படையான சொற்பட்டியலே பெரும்பாலும் அமெரிக்கக் கடையில் கிடைக்கும் பொருட்களை அளவுகோலாக வைத்துத்தான் தயாரானது. செய்யாற்று மணல் அதில் இருக்காது. அதனால் உங்கள் நினைவில் இருக்கும் கிர்ணியைத் தேடினால் கிடைக்காமல் போவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, இது பலர் கவனிக்காதது. முலாம்பழத்தில் புளிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதன் பி.எச். (இந்த எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 6க்கு மேல். காபி 5ஐ ஒட்டி இருக்கும், இப்படி இலேசாக வறுத்தது இன்னும் கொஞ்சம் கீழே. எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, ஆப்பிள் எல்லாம் காபியின் புளிப்போடு கைகோத்து வரும், அதனால் நாக்கு உடனே பிடித்துக்கொள்ளும். முலாம்பழத்துக்கு அந்தத் துணை கிடையாது. அது முழுக்க முழுக்க மூக்கு வேலை: ஒரு வெளிறிய இனிப்பு வாசனை, அதற்கு அடியில் வெள்ளரிக்காய் நறுக்கும்போது வருமே, அந்தப் பச்சை வாசம். பழத்தில் அந்த இனிப்பைத் தருவது எஸ்டர் என்கிற வகைப் பொருட்கள், பச்சை வாசத்தைத் தருவது ஒன்பது கார்பன் கொண்ட ஆல்டிஹைடுகளும் ஆல்கஹால்களும். வறுத்த காபியில் ஆவியாகும் பொருட்கள் எண்ணூறுக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் சில சேர்ந்து நிற்கும்போது நம் மூளை "இது அந்தப் பழம்" என்று அடையாளம் சொல்கிறது. வறுவல் கொஞ்சம் முற்றினாலும் கருகல் வாசம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இது எளிதில் மறைந்துபோகிற ருசி. மெல்லிய குரலில் பேசுகிறவரிடம் கல்யாண மண்டபத்தில் பேச்சுக் கொடுத்த மாதிரி.

கெய்ஷாவில் இது வருவது அதிசயமில்லை. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் கோரி கெஷா என்ற காட்டுப் பகுதியிலிருந்து 1930களில் எடுத்த விதை. டான்சானியா, கோஸ்டா ரிகா என்று சுற்றி 1960களில் பனாமா போனது. அங்கே பல வருடம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 2004இல் பொகெட்டேயில் இருக்கும் ஹசியெண்டா லா எஸ்மெரால்டா தோட்டத்தார் அதைத் தனியாகப் பிரித்துப் போட்டிக்கு வைத்தார்கள். ஒரு பவுண்டு 21 டாலருக்கு ஏலம் போனது. அன்றைக்கு அது நம்ப முடியாத விலை. இன்றைய விலையை நீங்களே பார்த்துவிட்டீர்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம். மல்லிகையும் பெர்காமட் என்கிற எலுமிச்சை வகையும்தான் அதன் அடையாளம் என்பார்கள். முலாம்பழமும் பப்பாளியும் சில தோட்டத்துக் கொட்டையில், அதுவும் கோப்பை ஆறிய பிறகு, ஒதுங்கி நிற்கும்.

இப்போது உங்கள் கோப்பை. நீங்கள் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு சொல்: சிலேட்டு. அதனால் சில கேள்விகள். எந்தத் தண்ணீர்? கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? எந்த நேரத்தில் குடித்தீர்கள், அப்போது வீட்டில் வேறு என்ன வாசனை? ஆறவிட்டேன் என்றீர்களே, எவ்வளவு நேரம்? கொட்டையை எவ்வளவு பொடியாக அரைத்தீர்கள்?

பதில் வரும்வரை அந்த 40 கிராமைத் தொடாதீர்கள்.

*

தாம்பரம் அம்மா

அடேங்கப்பா. இவ்வளவு எழுதியதற்கு நன்றி தம்பி. டபரா சார், கோபமெல்லாம் இல்லை, என் வீட்டுக்காரரும் உங்கள் கட்சிதான்.

கேள்விகளுக்குப் பதில்.

தண்ணீர்: குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். சமையலுக்கும் காபிக்கும் குழாய்த் தண்ணீர், அதாவது போர் தண்ணீர். கேன் தண்ணீரில் டிகாக்ஷன் சப்பென்று இருக்கிறது என்று என் மாமியார் காலத்திலிருந்தே வழக்கம். கெட்டிலுக்குள் வெள்ளை என்ன, சுண்ணாம்பே அடித்த மாதிரி இருக்கிறது. மகன் வந்தபோது வினிகர் ஊற்றிக் கழுவினான். ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கீழ்வீட்டுக்காரரிடம் தண்ணீர் அளக்கும் பேனா மாதிரி ஒன்று இருந்தது, வாங்கி வைத்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 780. கேன் தண்ணீர் 40.

நேரம்: முதல் தடவை வெள்ளிக்கிழமை காலை, பூஜை முடிந்ததும். ஆமாம், சாம்பிராணி போட்டிருந்தேன். இப்போது எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டாவது தடவை மாலையில். அப்போது பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆறவிட்டது: இரண்டு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் ஆறினால் காபியே இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பொடி: ரவைக்கும் கோதுமை மாவுக்கும் நடுவில்.

*

ஆறிய கோப்பை

சாம்பிராணியில் மல்லிகையைத் தேடியிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் பையனிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

பெரிய குற்றவாளி தண்ணீர்தான். கெட்டிலில் படிகிறதே, அதைப் படியவிடுகிற பைகார்பனேட்தான் காபியின் புளிப்பையும் தின்றுவிடுகிறது. புளிப்பு போனால் கூடவே பழத்தின் உருவமும் போய்விடும், மிஞ்சுவது சிலேட்டு. முலாம்பழத்தில் புளிப்பே இல்லை என்று நீதானே சொன்னாய் என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் காபிக் கோப்பையில் அந்த லைம் புளிப்பு கோடு போட்டால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய இனிப்பு கண்ணுக்குத் தெரியும். டின்னில் மூன்று வார்த்தையையும் சேர்த்து எழுதியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். மெல்போர்ன் குழாய்த் தண்ணீர் மிகவும் மென்மையானது, அந்த ஊர்க்காரர்கள் பலர் நேராகக் குழாயிலிருந்தே காபி போடுவார்கள். மகனுக்கு வந்து உங்களுக்கு வராததில் பாதிக் கதை இதுதான். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்வது உங்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

ஆனால் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் சரிவராது. உங்கள் மாமியார் சொன்னது உண்மை: உப்பே இல்லாத தண்ணீரில் காபி ஒல்லியாக, கூர்மையாக இறங்கும். ஸ்பெஷாலிட்டி காபிச் சங்கத்தின் அளவு 150 டிடிஎஸ், 75 முதல் 250 வரை பரவாயில்லை என்பார்கள். டிடிஎஸ் மட்டுமே முழுக் கதை சொல்லாது, ஆனாலும் வீட்டுக்கு அந்தப் பேனா போதும். ஒன்பது பங்கு கேன், ஒரு பங்கு குழாய். கணக்குப்படி 114 வரும்.

வி60 இப்போது வேண்டாம், கொட்டை வீணாகும். நாங்கள் பார்க்கிற மாதிரியே கிண்ணத்தில் பாருங்கள். எங்கள் அளவு 150 மில்லிக்கு 8.25 கிராம். நீங்கள் 100 மில்லிக்கு 5.5 கிராம் போடுங்கள். ஒரே மாதிரி மூன்று கண்ணாடிக் கிண்ணம். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன், ஒன்றில் கலவை. மொத்தம் 16.5 கிராம்தான் செலவு. ரவை பருமனில் அரையுங்கள், மாவுப் பக்கம் போக வேண்டாம். அரைத்ததும் காய்ந்த பொடியை முதலில் முகர்ந்து பாருங்கள். தண்ணீர் கொதித்து அடங்கியதும், ஏறக்குறைய 93 டிகிரியில், நேராகப் பொடியின் மேல் ஊற்றுங்கள். நான்கு நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே ஆடை மாதிரி நிற்கும். ஸ்பூனால் அதை மெதுவாக விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். பிறகு நுரையை இரண்டு ஸ்பூனால் வழித்துப் போட்டுவிட்டு, போய் வேறு வேலை பாருங்கள்.

குடிக்கும்போது சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் ஆவி தொண்டை வழியாகப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும். பத்து நிமிடத்தில் ஒரு வாய். 20 நிமிடத்தில் ஒரு வாய். அரைமணியில் ஒரு வாய். எங்கள் முறையிலும் 71 டிகிரி வாக்கில் முதல் வாய் வைத்து, இனிப்பைப் பார்ப்பது 37 டிகிரிக்கும் கீழே வந்த பிறகுதான். உங்கள் வீட்டுச் சட்டத்தை ஒரு நாள் ஒத்திவைக்க வேண்டியதுதான். ஒரு வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, விழுங்கும்போது மூக்கை விடுங்கள். அந்த நொடியில் வருவதுதான் டின்னில் எழுதியிருப்பது.

அப்புறம், பழம். கிர்ணி ஒன்று வாங்குங்கள், முடிந்தால் ஹனிடியூவும். குளிரூட்ட வேண்டாம், சர்க்கரை வேண்டாம், நடுச்சதையை விட்டுத் தோலை ஒட்டிய வெளிர்பச்சைப் பகுதியை மெல்லுங்கள். நம் மனசில் முலாம்பழம் என்றால் ஜூஸ் கடை ருசி: பால், சர்க்கரை, ஐஸ். அதைக் காபியில் தேடினால் ஏழு ஜென்மம் ஆனாலும் வராது.

*

வடமராட்சி – ஸ்காபரோ

அக்கா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கனடா வந்து 24 வருசம். இங்கே கடையில் முதல் முதல் ஹனிடியூ வெட்டியபோது எனக்கு வந்தது கிர்ணி வாசம் இல்லை. ஊரில் சித்திரை வெயிலில் சந்தையிலிருந்து வாழைச்சருகு சுற்றிக் கொண்டுவரும் வெள்ளரிப்பழம். அம்மா அதைச் சீனி போட்டுப் பிசைந்து கோப்பையில் தருவா. மாவு மாவாக, பெரிதாக இனிக்காது, ஆனால் வாசம் வீடு முழுக்க நிற்கும்.

இங்கே ஒரு கடையில் எத்தியோப்பியக் காபி வாங்கிக் குடித்தபோது பையில் மெலன் என்று கிடந்தது. நானும் வத்தகப்பழமாக்கும் (தர்பூசணி) என்று நினைத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. கோப்பையை மறந்துபோய் வேலையில் இருந்துவிட்டு, ஆறிக் கிடந்ததைக் குடித்தபோது அந்தப் பிசைந்த வெள்ளரிப்பழம் வந்து போனது. ஒரு வாய்தான். அடுத்த வாயில் இல்லை. நீங்கள் செய்யாற்று வெள்ளரிப்பழத்தை நினைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள் அக்கா, கிர்ணியை விடுங்கள்.

*

சேர்வராயன் மலை

ஏற்காட்டில் எனக்குச் சின்னத் தோட்டம். பெரும்பாலும் எஸ்.795. கெண்ட் என்ற காபி ரகத்தோடு, லைபீரிக்கா என்ற வேறு காபி இனத்தின் ரத்தம் கலந்த எஸ்.288ஐச் சேர்த்து 1940களில் நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த ரகம். நம் மலைகளில் இன்னும் அதுதான் நிறைய.

இந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று களத்துப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. மூன்று வருடம் முன்பு, பழத்தைத் தோல் உரிக்காமல் அப்படியே உலர்த்துகிற முறையில் ஒரு சிறு பங்கு போட்டேன். உயரமான வலைக்கட்டிலில் பரப்பி, தினம் ஐந்தாறு தடவை கிளறி, ஈரம் 11 சதவீதத்துக்கு வர 24 நாள் ஆனது. ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தக் கட்டில் பக்கம் போனாலே பழுத்த கிர்ணி வாசனை. வேலைக்கு வரும் பெண்கள் "பழக்கடை மாதிரி இருக்கே" என்றார்கள். நான் பெரிய கனவெல்லாம் கண்டேன். கொட்டையை ஒருவரிடம் வறுக்கக் கொடுத்தேன். நம் ஊர்ப் பழக்கத்துக்குக் கொஞ்சம் நன்றாகவே வறுத்துவிட்டார். கோப்பையில் உலர்திராட்சையும் வெல்லமும் இருந்தன. நல்ல காபிதான், கிர்ணி மட்டும் புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. அந்த நாலு நாள் வாசனையை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமைதான்.

டபரா சாரின் வீட்டம்மா சொன்ன பழங்கஞ்சியும் பொய்யில்லை. இரண்டு நாள் மழைமூட்டம் வந்து, கிளறாமல் விட்டால், பழுத்த கிர்ணி அழுகின கிர்ணியாகிவிடும். அந்த வாசனையை "வைன் மாதிரி" என்று எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் நொதிக்கும் தொட்டியிலேயே நிஜப் பழத்தைப் போட்டுவிடுகிறது. பையைத் திறந்த உடனே தர்பூசணி மிட்டாய் முகத்தில் அடித்தால் எனக்குச் சந்தேகம்தான். அது தப்பு என்று சொல்லவில்லை, பையில் சொல்லிவிட்டுச் செய்யட்டும். உங்களுடையது வாஷ்ட் கெய்ஷா. அதில் அப்படி அடிக்காது, அடிக்கவும் கூடாது. அந்த வாசனை தேடிப் போனால்தான் கிடைக்கும்.

*

தாம்பரம் அம்மா

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். முழுசாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சாம்பிராணி இல்லை, தாளிப்பு இல்லை, தைலத்துக்கு ஊரடங்கு. ஊறுகாய் போட்டுவைக்கும் கண்ணாடிக் கிண்ணம் மூன்றையும் வெந்நீரில் இரண்டு முறை கழுவி, முகர்ந்து பார்த்து, எலுமிச்சை ஊறுகாய் வாசனை இன்னும் இருந்ததால் அவற்றை ஓரம் கட்டிவிட்டுப் பாயசக் கிண்ணத்தை எடுத்தேன். முந்தின நாள் கிர்ணி ஒன்று வாங்கியிருந்தேன். ஹனிடியூ கிடைக்கவில்லை. ஆனால் வண்டலூர் தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் ஒரு பாட்டி வெடித்த வெள்ளரிப்பழம் வைத்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஸ்காபரோ தம்பி, அது உங்களால் வாங்கியது. இந்த மாதம் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. நாட்டுச்சர்க்கரை போடாமல் அதைத் தின்பது ஒரு தண்டனைதான், இருந்தாலும் தின்றேன்.

காய்ந்த பொடியை முகர்ந்தபோதே மல்லிகை வந்தது. பந்தல் மல்லிகை இல்லை, முந்தின நாள் தலையில் வைத்துக் காலையில் எடுத்துப் போடும்போது வருமே, அது. பிப்ரவரியில் மிக்ஸியில் அரைத்தபோது இது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் முதல் வாய். குழாய்த் தண்ணீர்: அதே சிலேட்டு. கேன் தண்ணீர்: எலுமிச்சைத் தண்ணீரில் சர்க்கரை போட மறந்த மாதிரி. கலவை: லைம், ஆனால் குத்தாத லைம். மூன்றும் ஒரே கொட்டை, ஒரே நேரம், ஒரே கெட்டில் என்று வீட்டுக்காரரை நம்பவைக்கவே முடியவில்லை. ஏதோ பொடி போட்டிருக்கிறாய் என்கிறார்.

20 நிமிடத்தில் கலவைக் கிண்ணத்தில் இனிப்பு கூடியிருந்தது. பழம் இல்லை. நான் உறிஞ்சுகிற சத்தம் கேட்டு மேல்வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அரைமணிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது, கிண்ணத்தைத் தொட்டால் சூடே தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக் குடித்தேன், புளிப்பும் இனிப்பும் மட்டும். விழுங்கிக்கொண்டே விரலை எடுத்தேன். வந்தது. கிர்ணி இல்லை. வெள்ளரிப்பழத்தைக் கையால் பிளக்கும்போது விதையைச் சுற்றி ஈரமாக ஒரு நார் இருக்குமே, அதன் வாசனை. எண்ணி இரண்டு நொடி. நான் "ஆ" என்று சத்தம் போட்டதில் வீட்டுக்காரர் நாக்கைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து ஓடிவந்தார். அவருக்கும் ஒரு வாய் கொடுத்தேன். யோசித்துவிட்டு, "பூசணிக்காய் வேகவைத்த தண்ணீர்" என்றார். அதுவும் ஒரே குடும்பம்தானே என்று நான் விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று வாயில் ஒரு தடவை வந்தது, இரண்டு தடவை வரவில்லை. கேன் தண்ணீர்க் கிண்ணத்தில் லேசாக இருந்த மாதிரி தோன்றியது, அது நினைப்பாகவும் இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் கடைசிவரை கிடையாது.

செவ்வாய்க்கிழமை அதே கலவைத் தண்ணீரில் வி60இல் 15 கிராம் போட்டேன். கிண்ணத்தைவிடச் சுத்தமாக இருந்தது, மல்லிகை கூடுதல், பழம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. எனக்குக் கிண்ணம்தான் பிடித்தது, காகிதம் வாங்குகிற செலவும் மிச்சம்.

மகனிடம் வீடியோ காலில் சொன்னேன். "அம்மா, அதைத்தான் நானும் சொன்னேன், ஆறவிட்டுக் குடி என்று" என்றான். உண்மையில் அவன் சொல்லவே இல்லை. ஆறவிடச் சொன்னது கோயம்புத்தூர்த் தம்பி, பழத்தின் பெயரைச் சொன்னது ஸ்காபரோ தம்பி. அவன் வெள்ளரிப்பழம் சாப்பிட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் பிறப்பதற்கு முன்பே நாங்கள் செய்யாற்றை விட்டு வந்துவிட்டோம்.

சேர்வராயன் மலை ஐயா, இந்த வருடம் அந்த மாதிரிப் பங்கு போட்டால் சொல்லுங்கள். நானே வாணலியில் இலேசாக வறுத்துப் பார்க்கிறேன்.

*

சேர்வராயன் மலை

வாணலி வேண்டாம் சகோதரி. புகையில் வீட்டுக்காரர் தைலத்தையே விட்டுவிடுவார். பச்சைக்கொட்டை கால் கிலோ அனுப்புகிறேன், கோயம்புத்தூர்த் தம்பி வறுத்துத் தரட்டும். என்ன தம்பி?

*

ஆறிய கோப்பை

அனுப்புங்க ஐயா, வறுத்துடலாம். வறுக்கும்போது கொட்டை முதலில் வெடிக்கும் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுகிறேன். டபரா சாருக்கும் ஒரு பொட்டலம்.

*

பித்தளை டபரா

எனக்குச் சிக்கரி போட்டு அனுப்பவும்.

*

தாம்பரம் அம்மா

கடைசியாக ஒரு கேள்வி. டின்னில் இன்னும் 8 கிராம் இருக்கிறது. அதைப் பித்தளை ஃபில்டரில் போட்டு, இந்தக் கலவைத் தண்ணீர் ஊற்றி, பால் இல்லாமல் இறக்கிப் பார்க்கலாமா? யாராவது திட்டுவதாக இருந்தால் நாளைக் காலை ஆறு மணிக்குள் திட்டிவிடவும்.